கால்வனைஸ் என்ற ஆங்கில வினைச்சொல்லைப் புரிந்துகொள்வது எப்படி?

'அந்தத் தீர்ப்பு மக்களை கால்வனைஸ் செய்தது' என்று ஆங்கிலச் செய்தியில் வருகிறது. கால்வனைஸ் என்றால் இரும்புக்குத் துத்தநாகம் பூசுவதாயிற்றே, மக்களுக்கு எதற்குப் பூசினார்கள் என்று குழம்பினால், இந்த வரிசையில் போங்கள்.

படி 1: தெரிந்த பொருளில் தொடங்குங்கள்
ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்கும் ஜி.ஐ. பைப்பில் 'ஜி' என்பது கால்வனைஸ்ட், 'ஐ' என்பது அயர்ன். துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு ஏற்றிய இரும்பு.

படி 2: சொல்லுக்குள் இருக்கும் ஆளைத் தேடுங்கள்
பாஸ்டரைஸில் லூயி பாஸ்டர் இருப்பதுபோல் இதில் இருப்பவர் லூயிஜி கால்வானி. இத்தாலியின் பொலோனியா நகரில் உடற்கூறியல் பேராசிரியர். செத்த தவளையின் காலும் நரம்பும் இரண்டு வேறு உலோகங்களைத் தொட்டபோது கால் வெடுக்கென்று துள்ளியது. (சொல்லிலேயே 'கால்' இருப்பது தமிழர்களுக்கு மட்டும் கிடைத்த போனஸ்!) உயிரின் உடலிலேயே மின்சாரம் உண்டு என்று 1791-ல் எழுதினார். இன்னொரு இத்தாலிய விஞ்ஞானியான வோல்டா ஒப்பவில்லை, மின்சாரம் வருவது இரண்டு உலோகங்களால்தான், தவளையால் அல்ல என்றார். அந்த வாதத்தின் போக்கில்தான் 1800-ல் பேட்டரி வந்தது. கால்வானியும் முழுக்கத் தோற்றுவிடவில்லை. நரம்புகள் மின்சாரத்தால் வேலை செய்வது உண்மைதானே! அவருடைய சகோதரியின் மகன் ஆல்டினி 1803-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது.

படி 3: அங்கிருந்து மக்களிடம் வாருங்கள்
அசையாமல் கிடந்த தசை மின்சாரம் பட்டதும் துள்ளியதல்லவா? சும்மா இருந்தவர்களை ஒரு செய்தியோ பேச்சோ சட்டென்று செயலில் இறக்கினால் அதுவும் கால்வனைஸ்தான்.

படி 4: திரும்பப் பைப்புக்கு
1837-ல் பிரான்சின் ஸ்தனிஸ்லாஸ் சொரெல் துத்தநாகப் பூச்சுக்குக் காப்புரிமை பெற்றார். பைப்பை சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள். மின்சாரம் பாய்ச்சுவதே இல்லை. அப்புறம் ஏன் கால்வானி பெயர்? பூச்சில் கீறல் விழுந்து ஈரம் பட்டால் இரும்பும் துத்தநாகமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். அதில் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். தவளைக் காலைத் துள்ளவைத்த அதே இரண்டு உலோக விவகாரம்.

படி 5: எழுதிப் பாருங்கள்
'தி நியூஸ் கால்வனைஸ்ட் தெம் இன்டு ஆக்‌ஷன்'. யாரை என்பது வினைக்கு அடுத்து வரும், எதில் இறக்கியது என்பது 'இன்டு'வுக்குப் பிறகு. திடீர்த் தூண்டுதலுக்கு மட்டும் இதை எடுங்கள். 'படி, படி' என்று அம்மா தினமும் சொல்வதற்கு 'என்கரேஜ்' போதும்.