'சென்ட்ரல்ல இருந்து வர்றோம்' என்று கதவைத் தட்டினால்

பாரிமுனையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன், வீடு பழைய வண்ணாரப்பேட்டை. காசிமேடு, வியாசர்பாடி ஆட்கள் வந்து கேட்பது இதுதான்: "அண்ணே, சென்ட்ரல்ல இருந்து ரெண்டு பேர் விசாரிச்சாங்க. கூப்பிட்டா போகணுமா?"

சென்ட்ரல் என்றால் மத்திய அரசு ஏஜென்சி. அதில் எது என்று முதலில் தெரியவேண்டும். "சார், கார்டு பார்க்கலாமா?" என்று மரியாதையாகவே கேளுங்கள். பெயர், பதவி, அலுவலகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஏரியாவில் ஐ.பி. (மத்திய உளவுத்துறை), என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை), கியூ பிராஞ்ச் (உளவு வேலை பார்க்கும் போலீஸ் பிரிவு) எல்லாமே 'சென்ட்ரல்'தான். இதில் கியூ பிராஞ்ச் மத்திய அரசே கிடையாது, தமிழ்நாடு போலீஸ்.

ஐ.பி. 1887-இல் வெள்ளைக்காரன் தொடங்கியது. அதற்கு அதிகாரம் கொடுக்கும் தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. கைது செய்ய, சம்மன் அனுப்ப, வீட்டைச் சோதனை போட அதனால் முடியாது. தகவல் திரட்டிச் சொல்லும், கைது போலீஸ் வேலை. ஆகவே ஐ.பி.காரரிடம் பேசுவதும் போனைக் காட்டுவதும் உங்கள் விருப்பம். "வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன் சார்" போதும். பொய் வேண்டாம், வீறாப்பும் வேண்டாம்.

என்.ஐ.ஏ. அப்படியில்லை. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் அதிகாரிகளுக்கு நாடு முழுக்க போலீஸ் அதிகாரம் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றங்களுக்கும் அவற்றோடு சேர்ந்தவற்றுக்கும் மட்டும்தான். வாய்வார்த்தையாகக் கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். வந்ததும் பிரிவு எண்ணைப் பாருங்கள். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 179 என்றால் சாட்சி. 35(3) என்றால் உங்கள் மேலேயே சந்தேகம், வக்கீல் இல்லாமல் நகராதீர்கள். 179-இல் பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்கவேண்டும். சாட்சி சொன்னதை எழுதிக்கொண்டால் அதில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181 சொல்கிறது. இது பாதி வக்கீல்களுக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

சோதனைக்கு வந்தால் வீடியோ எடுத்தாக வேண்டும், பிரிவு 105. போனை எடுத்துப்போனால் மகஜரில் (கைப்பற்றியதை எழுதும் பட்டியல்) போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறதா என்று பார்த்து, நகல் வாங்குங்கள்.

கைது என்றால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்குக்கும் அதே கதைதான் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தவேண்டும். வீட்டுக்காரர்கள் ஜார்ஜ் டவுன் கோர்ட் வாசலில் நிற்கவேண்டாம், என்.ஐ.ஏ. சிறப்பு நீதிமன்றம் பூந்தமல்லியில்.

போன் ஒட்டுக்கேட்பதற்கு, ஐ.பி.யாகவே இருந்தாலும், பொதுவாக உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும். பொது அவசர நிலை, பொதுப் பாதுகாப்பு தவிர வேறு காரணம் செல்லாது என்று நம்ம சென்னை உயர் நீதிமன்றமே 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஐ.பி.யிடம் கேட்டால், ஊழல், மனித உரிமை மீறல் தவிர எதற்கும் பதில் வராது.

வக்கீலுக்குக் காசில்லையா, 15100-க்கு அடியுங்கள். இலவச சட்ட உதவி எண் அது.