டிஹெச்டியில் தேடும்போது உங்கள் ஐபி வெளியே தெரியாமல் இருக்க

பயனர்களின் கணினிகளே நேரடியாகப் பேசிக்கொள்ளும் பியர்-டு-பியர் நெட்வொர்க்கில் நடுவில் சர்வர் கிடையாது, அதனால் நம்மை யாரும் கவனிக்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர் எதிர். டிஹெச்டி என்பது, எந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலை அந்தக் கணினிகளே பங்குபோட்டு வைத்திருக்கும் முறை. அதில் தேடும்போது முன்பின் தெரியாத பல கணினிகளிடம் போய் "இது யாரிடம் இருக்கிறது?" என்று நாமே கேட்கிறோம், கேட்கும்போதே நம் ஐபி முகவரியும் (இணையத்தில் நம் இணைப்புக்கான எண்) அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

கோப்புகளைப் பகிரும் முறையான பிட்டாரண்ட்டின் டிஹெச்டியில் கோப்பின் பெயர் போவதில்லை, 160 பிட் ஹாஷ்தான் (கோப்பிலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறி) போகும். ஆனால் எந்த ஹாஷ் எந்தக் கோப்பு என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு அதுவே பெயர்தான்.

சரி, என்ன செய்யலாம்? விபிஎன் (நம் இணைப்பை இன்னொரு சர்வர் வழியாக அனுப்பி ஐபியை மறைக்கும் சேவை) போட்டால் மட்டும் போதாது. அது நடுவில் அறுந்தால் டாரண்ட் மென்பொருள் சத்தமில்லாமல் உங்கள் சொந்த இணைப்புக்கு மாறிவிடலாம், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். க்யூபிட்டாரண்ட் என்ற டாரண்ட் மென்பொருள் வைத்திருந்தால் அட்வான்ஸ்டு அமைப்புகளுக்குப் போய், நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் விபிஎன் இன்டர்ஃபேஸை மட்டும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். விபிஎன் அறுந்தால் டாரண்ட்டும் நின்றுவிடும். (விபிஎன் நடத்துபவருக்கு உங்கள் உண்மையான ஐபி தெரியும், அதையும் நினைவில் வையுங்கள்.)

அதே மென்பொருளில் அனானிமஸ் மோட் என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது எந்த மென்பொருள் என்பது போன்ற அடையாளங்களைத்தான் மறைக்கும், ஐபியை அல்ல.

அப்புறம், டோர் (பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பி ஐபியை மறைக்கும் நெட்வொர்க்) வழியாக டாரண்ட் ஓட்டாதீர்கள். டிஹெச்டி யுடிபி என்ற தகவல் அனுப்பும் முறையில் இயங்குகிறது, டோர் டிசிபி என்ற வேறு முறையை மட்டும்தான் சுமக்கும், அதனால் தேடல் டோருக்கு வெளியே போய்விடலாம். இன்னும் அதிக மறைவு வேண்டுமென்றால் ஐ2பி என்ற மறைவு நெட்வொர்க்குக்கு உள்ளேயே இயங்கும் ஐ2பிஸ்னார்க் என்ற டாரண்ட் மென்பொருளைப் பாருங்கள். வேகம் குறைவு, பொறுமை வேண்டும்.