ஃபுல் டேங்க் போட்டு மைலேஜ் பார்ப்பது எப்படி? என் நோட்டுக் கணக்கோடு ஒரு விளக்கம்

போன வருஷம் ஆடியில் ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தம்பி போன் பண்ணினான். பழநி போய்விட்டுத் திரும்பும் வழி. ஒட்டன்சத்திரத்துக்கும் ரெட்டியார்சத்திரத்துக்கும் நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் மனைவி, முன்னால் நான்கு வயதுப் பிள்ளை. சுற்றிலும் இருட்டு, போனில் காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்டது. நான் பெட்ரோலோடு போய்ச் சேர மணி பத்தரை ஆகிவிட்டது.

முந்தைய நாள் டேங்க் ஏறக்குறைய காலியாக இருந்தபோது முந்நூறு ரூபாய்க்குப் போட்டிருக்கிறான். ஏறக்குறைய மூன்று லிட்டர். "லிட்டருக்கு 72 கொடுக்கும் அண்ணா, இருநூறு தாராளமா ஓடும்னு நினைச்சேன்" என்றான். 150 கூட ஓடவில்லை. அந்த 72 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சர்வீஸ் விட்ட இடத்தில் ஒரு லிட்டர் ஊற்றி ஓட்டிப் பார்த்துச் சொன்னார்களாம்.

ஒரு லிட்டர் ஊற்றிப் பார்க்கும் மைலேஜை நம்பி வழியில் நின்றவர்கள் நிறைய பேர். உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ் எவ்வளவு, ஒரு ஃபுல் டேங்குக்கு எவ்வளவு தூரம் நம்பிப் போகலாம் என்று நீங்களே பார்த்துவிட முடியும். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும், பொறுமைதான் கொஞ்சம் வேண்டும். என்னிடம் இருப்பது ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ், அதனால் கணக்கெல்லாம் அதிலிருந்தே சொல்கிறேன். முறை எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

தொடங்கும் முன்: இரண்டு எண்கள்

முதலில் உங்கள் டேங்கின் கொள்ளளவு. வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். என் ஸ்ப்ளெண்டருக்கு 9.8 லிட்டர். பஜாஜ் பிளாட்டினா 100-க்கு 11, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு 13, டி.வி.எஸ் எக்ஸ்.எல் 100-க்கு வெறும் 4. ஒரே பெயரில் வரும் வண்டிக்கே வருஷத்துக்கு வருஷம் டேங்க் அளவு மாறியிருக்கலாம், அதனால் நண்பரின் வண்டியைக் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, ஓடோமீட்டர், அதாவது வண்டி இதுவரை ஓடிய மொத்தக் கிலோமீட்டரைக் காட்டும் எண். முள் வைத்த பழைய மீட்டரில் கடைசி எண் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அது நூறு மீட்டர் கணக்கு. அதையும் சேர்த்துப் படித்தால் 38,412 கி.மீ. ஓடிய வண்டி 3,84,120 ஓடியதாக ஆகிவிடும். புதிதாகப் பார்ப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது.

டயரில் காற்று எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். வண்டி ஓடிச் சூடாகும் முன், காலையில் பார்ப்பது நல்லது. மைலேஜ் பார்க்கிறோம் என்று புதிதாக சர்வீஸ் எல்லாம் விட வேண்டாம். இப்போது இருக்கும் நிலையில் என்ன கொடுக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

முதல் படி: முதல் ஃபுல் டேங்க்

முழு வேலையும் இந்த ஐந்து நிமிஷத்தில்தான் இருக்கிறது. இங்கே அவசரப்பட்டால் பின்னால் போடும் கணக்கு எல்லாம் வீண்.

வழக்கமாகப் போகும் ஒரு பங்க்கைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் போங்கள். வண்டியை சைடு ஸ்டாண்டில் போடாமல், சமமான தரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி சாய்ந்து நிற்கும்போது டேங்கின் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும், அங்கே காற்று தங்கும். ஒரு தடவை சாய்த்தும் ஒரு தடவை நேராகவும் நிரப்பினால் நூறு, இருநூறு மில்லி வித்தியாசம் சுலபமாக வந்துவிடும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டி என்றால் இறங்கி நின்று நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, ஃபுல் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஜீரோவைப் பாருங்கள். நாசில் தானாக 'டக்' என்று ஒருமுறை நிற்கும். அப்போது மேலே நுரை இருக்கும், பெட்ரோல் இல்லை. பத்து, பதினைந்து விநாடி பொறுத்தால் நுரை அடங்கி மட்டம் கொஞ்சம் இறங்குவது கண்ணுக்கே தெரியும். மூடியைத் திறந்ததும் உள்ளே ஒரு கழுத்து மாதிரி இறங்குகிறதே, அதன் அடி விளிம்பை மட்டம் தொடும்வரை மெதுவாகப் போடச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் 'ஃபுல்'. கழுத்துக்குள்ளேயும் ஏற்றி மூடியைத் தொடும்வரை நிரப்புவது தவறு. வெயிலில் பெட்ரோல் விரிவதற்கு அந்த இடம் வேண்டும், புதிய வண்டிகளில் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டருக்குள் பெட்ரோல் போய்விடவும் கூடும். வெயில் காலத்தில் ஃபுல் டேங்க் போட்டால் வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். கம்பெனி சொன்ன மட்டம்வரை எந்தக் காலத்திலும் நிரப்பலாம்.

பில் வாங்கிக்கொள்ளுங்கள். பங்க்கை விட்டு நகரும் முன் ஓடோமீட்டரை எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துவிடும்.

இரண்டாம் படி: எப்போதும்போல ஓட்டுங்கள்

மைலேஜ் பார்க்கிறோம் என்பதற்காக நாற்பதில் ஊர்ந்து போகாதீர்கள். வேலைக்கு, கடைக்கு, பிள்ளையைப் பள்ளியில் விட என்று வழக்கப்படியே ஓட்டுங்கள். டேங்கில் பாதி தீரும்வரை ஓட்டினால் நல்லது. நடுவில் வேறு பங்க்கில் நூறு ரூபாய்க்குப் போட நேர்ந்தால் பரவாயில்லை, அந்த பில்லில் இருக்கும் லிட்டரை நோட்டில் சேர்த்துக்கொண்டால் போதும்.

பாதி டேங்க் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிரப்பும் மட்டத்தில் ஒரு 200 மில்லி முன்னே பின்னே ஆவதை யாராலும் தவிர்க்க முடியாது. ஒரு லிட்டர் ஓட்டிப் பார்க்கும்போது அந்த 200 மில்லி என்பது 20 சதவீதப் பிழை. அறுபது கொடுக்கும் வண்டி 72 காட்டும், 48-ம் காட்டும். ஐந்து லிட்டர் ஓட்டிப் பார்த்தால் அதே 200 மில்லி வெறும் 4 சதவீதம்தான். தம்பியின் 72 எப்படி வந்திருக்கும் என்று இப்போது புரிந்திருக்கும்.

மூன்றாம் படி: மறுபடி நிரப்பி வகுப்பது

அதே பங்க், முடிந்தால் அதே பம்ப். வண்டியை அதே பக்கம் பார்த்து, அதே சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அதே மட்டம்வரை. பங்க்குத் தரையில் தண்ணீர் வடிவதற்காக லேசான சரிவு இருக்கும் என்பதால்தான் பக்கத்தையும் சொல்கிறேன். இப்போது ஏறிய லிட்டர்தான் போன தடவை நிரப்பியதிலிருந்து இன்றுவரை வண்டி குடித்த பெட்ரோல். இந்த எண் பில்லில் இருக்கும். முதல் தடவை எவ்வளவு லிட்டர் ஏறியது என்பது இந்தக் கணக்குக்குள் வரவே வராது. பலர் அதைப் போட்டு வகுத்துவிடுகிறார்கள்.

என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

ஜூன் 3 – 38,412 கி.மீ. – ஃபுல்
ஜூன் 19 – 38,706 கி.மீ. – 4.61 லிட்டர்
ஜூலை 6 – 39,031 கி.மீ. – 5.24 லிட்டர்
ஜூலை 21 – 39,298 கி.மீ. – 4.47 லிட்டர்

ஜூன் 19-இல் 38,706-லிருந்து 38,412-ஐக் கழித்தால் 294 கி.மீ. அதை 4.61-ஆல் வகுத்தால் 63.8. அடுத்தது 325 கி.மீ., 62.0. மூன்றாவது 267 கி.மீ., 59.7.

ஒரே வண்டி, ஒரே ஆள், நான்கு கிலோமீட்டர் வித்தியாசம். மூன்றாவது தடவையில்தான் வீட்டம்மாவோடு பழநி போயிருந்தோம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேர் எதிரே வரும். அறுபதில் போக வழக்கத்தைவிட அதிகமாக ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டியிருந்தது. திரும்பும்போது காற்று முதுகில் தள்ளியது உண்மைதான், ஆனாலும் போகும்போது விட்டது முழுசாகத் திரும்பி வராது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் அப்படி.

மூன்று தடவை எடுத்த பிறகு மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள். எனக்கு 886 கி.மீ., 14.32 லிட்டர், அதாவது 61.9. தனித்தனி மைலேஜ்களைக் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். ஒரு தடவை இரண்டு லிட்டரும் ஒரு தடவை ஏழு லிட்டரும் போட்டிருந்தால் அது தப்பாகக் காட்டும்.

ரிசர்வ் உள்ள பழைய வண்டியா?

கார்புரேட்டர் வண்டிக்கு வேறொரு வழியும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ரிசர்வ் விழுந்ததும் (டேங்கின் அடியில் ஒதுக்கிய பெட்ரோல் மட்டும் மிஞ்சி வண்டி திணறும்போது) பெட்ரோல் டேப்பைத் திருப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நேராக அருகில் உள்ள பங்க்குக்குப் போய் ஐந்து லிட்டர் போட்டு டேப்பை மறுபடி ஆனில் வையுங்கள். அடுத்த தடவை ரிசர்வ் விழும்போது ஓடிய தூரத்தை ஐந்தால் வகுத்தால் மைலேஜ். டேப்பை ஆனில் வைக்க மறந்தால் அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாமல் நின்றுவிடும், கவனம். எஃப்.ஐ வண்டியில், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டியில், இதைச் செய்ய முடியாது. பெட்ரோல் தீரும்வரை ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

மீட்டர் சொல்வது சரியா?

இதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லில் ஆரம்பித்துப் பத்துக் கல் தாண்டுங்கள். தேசிய நெடுஞ்சாலைக் கல்லின் தலை மஞ்சளாகவும் மாநில நெடுஞ்சாலைக் கல்லின் தலை பச்சையாகவும் இருக்கும். பத்து கி.மீ.க்கு மீட்டர் 10.3 காட்டினால் அது 3 சதவீதம் கூட்டிச் சொல்கிறது. அப்படியானால் என் 61.9-ஐ 1.03-ஆல் வகுக்க வேண்டும், உண்மை மைலேஜ் 60. கம்பெனி அளவை விட்டு வேறு அளவு டயர் மாற்றியவர்கள் கட்டாயம் இதைப் பாருங்கள்.

அளவிலேயே சந்தேகம் என்றால், ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலன் வைத்திருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஃபுல் டேங்குக்கு எவ்வளவு தூரம்?

9.8 லிட்டரை 61.9-ஆல் பெருக்கினால் 606. "ஒரு டேங்குக்கு அறுநூறு போகும்" என்று பெருமையாகச் சொல்லலாம். அதை நம்பிப் பயணம் கிளம்பாதீர்கள்.

நான் செய்வது இது. டேங்கிலிருந்து ஒன்றரை லிட்டரை இல்லாததாக நினைத்துக்கொள்வேன். மிச்சம் 8.3. அதைச் சராசரியால் பெருக்காமல், நோட்டில் இருப்பதிலேயே குறைந்த மைலேஜால், என் கணக்கில் 59-ஆல் பெருக்குவேன். 489 வருகிறது. 450-ஐத் தாண்டும் முன் பங்க்குக்குள் போய்விடுவேன். ஒதுக்கிய ஒன்றரை லிட்டர் சும்மா இருப்பதில்லை. மூடியிருக்கும் பங்க், 'ஸ்டாக் இல்லை' பலகை, ராத்திரி மழை எல்லாவற்றையும் தாண்டி இன்னும் எண்பது கிலோமீட்டர் கொண்டுபோகும்.

மலைக்கு இந்தக் கணக்கு உதவாது. கொடைக்கானல் போகும்போது எத்தனை கி.மீ. பாக்கி என்று பார்க்காமல் வத்தலக்குண்டிலேயே நிரப்பிவிட்டுத்தான் ஏறுவேன். இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது ஆபத்து. எஃப்.ஐ வண்டியில் மிச்சமும் ஆகாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை மூடினால் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், நியூட்ரலில் விட்டால் ஐடிலிங்குக்குச் செலவாகிக்கொண்டே இருக்கும்.

எண் திடீரென்று இறங்கினால்

20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அப்படியென்றால் 20 சதவீதம் கலந்ததில் 6, 7 சதவீதம் குறையும். ஏற்கெனவே பத்து சதவீதம் கலந்ததைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம், அதோடு ஒப்பிட்டால் அதில் பாதி. ஆக 62 என்பது 60 ஆனால் அதைச் சொல்லலாம். 50 ஆகிவிட்டது என்றால் வேறு எங்கோ கோளாறு.

மெக்கானிக்கிடம் போகும் முன் ஒன்று செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்துப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். 'சர் சர்' என்று உரசி ஒரு சுற்றிலேயே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. செயின் காய்ந்தோ ரொம்ப இறுக்கமாகவோ இருந்தாலும் கையிலேயே தெரியும். அதற்கப்புறம் டயர் காற்று, அப்புறம் ஏர் ஃபில்டர். என் வண்டியில் ஒரு தடவை 62 கொடுத்தது 55-க்கு வந்தபோது காரணம் பின் டிரம் பிரேக்தான். நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தியதும் அடுத்த டேங்கிலேயே பழையபடி ஆகிவிட்டது. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

தம்பியும் மூன்று தடவை நிரப்பிப் பார்த்துவிட்டான். தனியாகப் போனால் 61, குடும்பத்தோடு போனால் 51. அவன் டேங்க் பத்தரை லிட்டர். ஒன்றரையைக் கழித்து 51-ஆல் பெருக்கினால் 459. வண்டியின் சீட்டுக்கு அடியில் பேனாவால் எழுதி டேப் ஒட்டி வைத்திருக்கிறான்: "ஃபுல் போட்டு 420 ஆனால் பங்க்."