பென்சன்காரருக்குக் கோச்சி (ரயில்) பயணம்

இலங்கை மலையகத்தில் அட்டனிலிருந்து பதுளைக்கு வேன் பிடிக்காதீர்கள்; காசும் மிஞ்சாது, முழங்காலும் மிஞ்சாது. கோச்சிதான் சரி. இரண்டாம் வகுப்பில் இருக்கையை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். ஒருமுறை பதியாமல் ஏறி நானுஓயா வரை நின்றே போனேன், வீட்டுக்காரி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஏப்ரல் வேண்டாம், நுவரெலியா சீசனில் அறை வாடகை ஏறிவிடும். பெப்ரவரி, மார்ச்சில் மழை குறைவு. மழைக்காலமென்றால் மண்சரிவு இருக்கிறதா என்று நிலையத்தில் கேட்டுவிட்டே புறப்படுங்கள்.

பட்டிப்பொல 6,200 அடிக்கு மேல், இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். ஸ்வெட்டர் பையின் மேலேயே இருக்கட்டும். மாத்திரை, ரொட்டி, கட்டச்சம்பல், பிளாஸ்கில் பிளேன்டீ எல்லாம் கைப்பையில். எல்லவில் வெளிநாட்டுக்காரர் விலை. அதனால் நாங்கள் பண்டாரவளையில் தங்கிவிட்டு, எல்லவுக்குப் பக்கத்திலுள்ள ஒன்பது வளைவு ரயில் பாலத்தைக் காலையில் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம்.