பிரித்துச் சொல்ல முடியாத விடையைப் பேனையால் எழுதாதீர்கள்

பத்திரிகையில் வழமையாக வரும் குறுக்கெழுத்துப் போட்டியில் குறிப்பும் விடையும் நேருக்கு நேர் நிற்கும். சந்திரன் என்று கேட்டால் மதி, இரண்டு கட்டம், முடிந்தது. நான் சொல்லப்போவது வேறு ரகம், கிரிப்டிக். இதில் குறிப்பு ஒரு கதை சொல்லும். அந்தக் கதைக்கும் விடைக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனால் அந்தக் கதையில் ஒரு சொல் கூட வீணாக வந்திருக்காது.

கல்முனையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். துணி வெட்டும் மேசைதான் என் புதிர் மேசையும். பின்னேரங்களில் தங்கச்சியின் மகள் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டு, “பெரியம்மா, இது எப்படி வந்த?” என்று கேட்பாள். விடை தெரிந்தால் மட்டும் போதாது, ஏன் அதுதான் விடை என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லியே எனக்கு ஒரு முறை பழகிவிட்டது.

முதலில் கதையை மறந்துவிடுங்கள். கிரிப்டிக் குறிப்பில் இரண்டு துண்டு இருக்கும். ஒன்று விடையின் நேரடிப் பொருள். மற்றது அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. இரண்டையும் மூட்டின இடம் வெளியே தெரியாமல் தைத்திருப்பார்கள், நல்ல சட்டையின் தோள் மாதிரி. உங்கள் வேலை அந்த மூட்டைக் கண்டுபிடிப்பது. நேரடிப் பொருள் எப்போதும் குறிப்பின் தொடக்கத்தில் அல்லது முடிவில் இருக்கும், நடுவில் வராது. ஆகவே இரண்டு முனையையும் பிடித்துப் பாருங்கள்.

லேசான ஒன்று: அழைப்போடு வேட்டி ஓரமும் சேரும் கடலோர ஊர் (3). கலியாண வீடு போலத் தெரிகிறது, இல்லையா? முடிவில் நிற்கும் ‘கடலோர ஊர்’தான் பொருள். மிச்சத்தைக் கட்டினால், அழைப்பு என்பது ‘வா’, வேட்டியின் ஓரம் ‘கரை’. வாகரை. அடைப்புக்குள் இருக்கும் 3 எழுத்துகளின் எண்ணிக்கை. தமிழில் ‘ரை’ ஒரே எழுத்து, ஒரே கட்டம். அதை ர், ஐ என்று உடைக்க முடியாது. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு.

அடுத்தது எனக்குப் பிடித்தது. கடையை இழந்த தலைமுறை கலங்கி வாவிக்கரையில் படுத்திருப்பது (3).

இதைப் பார்த்ததும் தங்கச்சியின் மகள் பாவப்பட்டாள். “யாருடைய கடை பெரியம்மா, எரிஞ்சதா?” இல்லை புள்ள. கடை என்றால் வியாபாரம் செய்கிற இடம் மட்டுமா? கடைசி, கடைக்குட்டி, கடைக்கண் எல்லாம் முடிவைத்தானே சொல்கின்றன. தலைமுறை என்ற சொல்லின் கடை ‘றை’. அது போனால் மிச்சம் த, லை, மு. இனி ‘கலங்கி’. ஒருவர் மனம் கலங்கவில்லை, எழுத்துகள் இடம் மாறிக் கலங்குகின்றன. இங்கே நான் தையல் சோக்கை எடுத்து மேசையில் அந்த மூன்று எழுத்தையும் வட்டமாக எழுதுவேன். வரிசையாக எழுதினால் பழைய சொல்லே திரும்பத் திரும்பக் கண்ணில் நிற்கும். வட்டத்தில் எழுதினால் தொடக்கம் எது என்று கண்ணுக்குத் தெரியாது, மூளை விட்டுக்கொடுக்கும். மு, த, லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் படுத்திருப்பது முதலை.

கலங்கி, குழம்பி, சிதறி, உடைந்து, பிசைந்து என்று ஏதாவது வந்தால் எழுத்தைக் கலைக்கச் சொல்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். திரும்பி, பின்னால் என்றால் தலைகீழாக வாசிக்க வேண்டும். மறைந்த, ஒளிந்த, உள்ளே என்றால் சொற்களுக்கு நடுவில் தேடுங்கள். தலை, முடி என்றால் முதல் எழுத்து. கால், வால், கடை என்றால் இறுதி எழுத்து. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, நாலைந்து புதிர் போட்டால் தானாகப் பழகும்.

ஒளிந்ததற்கு ஒன்று: இரவா விடியலா என்பதில் மறைந்த நீர்நிலை (2). வாவி, அங்கேயே கிடக்கிறது. திருப்புவதற்கு: திருப்பி வாசி, தான்தோன்றீஸ்வரரைக் கூப்பிடலாம் (2). ‘வாசி’யையே திருப்பினால் சிவா. கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலுக்குப் போய் வந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இரண்டு பொருளை மட்டும் பக்கத்தில் வைக்கிற குறிப்பும் உண்டு: காய்த்த மரம் படுவது, பாடுமீன் பாலத்து ஊர் (4). பழமொழியும் மட்டக்களப்புப் பாலமும் கல்லடியில் சந்திக்கின்றன. இந்த வகைக்கு எழுத்து விளையாட்டே இல்லை என்பதால் சிலருக்கு இதுதான் ஆகக் கஷ்டம்.

இப்போது கொஞ்சம் முறுக்கானது. உயிர் தலை இழந்து, தலையின் தலை பெற எருமை தந்தது (3). உயிரின் தலை ‘உ’, அதை எடுத்தால் ‘யிர்’. தலை என்ற சொல்லின் தலை ‘த’. சேர்த்தால் தயிர். ‘எருமை தந்தது’ கதையில் வினைமுற்று, எருமை என்னவோ கொடுத்தது என்று ஓடுகிறது. விடைக்கு அதுவே பெயர், எருமை தந்த பொருள். தமிழில் குறிப்பு எழுதுபவர்களுக்கு இந்த வினையாலணையும் பெயர் ஒரு வரப்பிரசாதம். வந்தது, போனது, கிடப்பது எதுவும் குறிப்பின் முடிவில் நின்றால் அது வினையா பொருளா என்று இரண்டு தரம் பாருங்கள்.

இந்தக் குசும்பெல்லாம் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வளர்ந்தது. ஆர்தர் வின் 1913 டிசம்பரில் நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் போட்ட முதல் குறுக்கெழுத்தில் நேரடிக் குறிப்புகள்தான் இருந்தன. 1926ல் இருந்து லண்டன் ஒப்சேவர் பத்திரிகையில் டோர்க்கமாடா என்ற புனைபெயரில் ஒருவர் ஆட்களைத் திணறடிக்கத் தொடங்கினார். பிறகு வந்த அஃப்ரிட், சிமனீஸ் போன்றவர்கள் நியாயத்தை வலியுறுத்தினார்கள்: வாசிப்பவரை வழிதவற வைக்கலாம், ஆனால் குறிப்பின் சொற்கள் விடையைச் சரியாகச் சொல்லியே ஆகவேண்டும். என் கட்சியும் அதுதான். ஒரு சொல் மிச்சமாக நின்றால் விடை பிழை, அல்லது குறிப்பு பிழை.

அதனால்தான் விளக்கம் எழுதச் சொல்கிறேன். விடைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் நான் இப்படி எழுதுவேன்: தலைமுறை, றை கழிந்தது, கலங்கியது, பொருள் ‘வாவிக்கரையில் படுத்திருப்பது’. இவ்வளவுதான். மற்றவருக்குச் சொல்லும்போது பொருளை முதலில் காட்டுங்கள், பிறகு எழுத்துகள் வந்த வழி, கடைசியாக விடை. விடையை முதலில் உடைத்துவிட்டால் கேட்பவர் தலையாட்டுவார், விளங்கியிருக்காது.

குறிப்பு பிடிபடாவிட்டால் கட்டம் உதவும். தமிழில் எழுத்து 247 என்பதால் குறுக்கே வரும் ஒரு எழுத்தே பாதி வேலையை முடித்துவிடும். ‘ழை’ விழுந்தால் மழை, வாழை, பிழை, ஏழை என்று கொஞ்சப் பேர்தான் வரிசையில் நிற்பார்கள். புள்ளி எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. ‘ங்’ வந்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசை. க், ச், ட், த், ப், ற் இறுதியில் நின்றால் எங்கோ பிழைத்திருக்கிறது, இங்கிலிஸ் பெயராக இருந்தாலொழிய. பென்சிலால் நிரப்பி வையுங்கள், விளக்கம் எழுத முடிந்த பிறகு பேனை.

சொல்லோடு சொல் சேரும் புணர்ச்சியில் மட்டும் சண்டை வரும். வாழை, சேனை இரண்டையும் சேர்த்தால் வாழைச்சேனை. நடுவில் நிற்கும் ‘ச்’சுக்குக் குறிப்பில் கணக்கு வேண்டுமா, அது தானாக வந்ததா? கணக்கு வேண்டும் என்பேன். இலக்கணப்படி வருவதுதானே என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் நிரப்பும் புதிரை எழுதியவர் எந்தப் பக்கம் என்று முதல் இரண்டு மூன்று விடைகளிலேயே தெரிந்துவிடும்.

பழக ஒன்று தருகிறேன், மூன்று துண்டுக்கும் ஒரே விடை: விரித்தால் தூங்கலாம், விரித்தால் தோணி ஓடும், புலியிடம் சொல்லக் கூடாது (2).