பழைய மட் சர்வரை புது மெஷினுக்கு மாத்துறப்போ வர்ற கம்பைல் எர்ரர்கள், நான் சரி பண்ணின விதம்

நாங்க ஏழெட்டு பேர் சேர்ந்து பல வருஷமா ஒரு மட் ஓட்டிட்டு இருக்கோம். மட்னா படமே கிடையாது, டெல்நெட்ல டைப் பண்ணி விளையாடுற கேம். 1990-91ல கோபன்ஹேகன் யுனிவர்சிட்டி பசங்க எழுதின டிக்குமட், அதுலேர்ந்து வந்த மெர்க், மெர்க்லேர்ந்து வந்த ராம் 2.4, அந்த ராம் கோடை எடுத்து உள்ள எங்க குன்னூரை வச்சிருக்கோம். சிம்ஸ் பார்க்ல ஆரம்பிச்சு லேம்ப்ஸ் ராக் வரைக்கும் நடக்கலாம், இருட்டினா தேயிலைத் தோட்டத்துல காட்டெருமை நிக்கும், லெவல் கம்மின்னா திரும்பி ஓடிடணும், நிஜ குன்னூர்லயும் அதே ரூல்தான்.

இது ஓடிட்டு இருந்தது ஒரு பழைய 32 பிட் டெஸ்க்டாப்ல. போன ஐப்பசி மழைல கரண்ட் போயிட்டு வந்துட்டு இருந்ததுல எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, புகைஞ்சிருச்சு. சரி ராஸ்பெர்ரி பை 4ங்கற குட்டி கம்ப்யூட்டருக்கு மாத்திடலாம்னு 64 பிட் ஓஎஸ் போட்டு, டெபியன் 13ங்கற லினக்ஸ் வழில வர்றது, சோர்ஸை காப்பி பண்ணி, கம்பைல் பண்ற மேக் கமாண்டை அடிச்சேன். எர்ரர் கொட்டுது பாருங்க, ஸ்க்ரீன் நிக்கவே இல்ல. ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரி உக்காந்து சரி பண்ணினதை இங்க எழுதுறேன். கமாண்டு எல்லாத்தையும் தமிழ்லயே எழுதிருக்கேன், நீங்க டெர்மினல்ல வழக்கம் போல அடிச்சுக்கோங்க.

முதல்ல பழைய ஓ ஃபைல் (சோர்ஸை கம்பைல் பண்ணி வந்த துண்டுகள்) எல்லாத்தையும் அழிங்க. நம்ம மலை ரயிலுக்கு குன்னூர் வந்ததும் நீராவி என்ஜினை கழட்டிட்டு ஊட்டிக்கு டீசல் மாட்டுவாங்கல்ல, பெட்டி மட்டும்தான் அதே பெட்டி. சோர்ஸ்தான் பெட்டி, ஓ ஃபைல் பழைய என்ஜின், அதை புது மெஷினுக்கு இழுத்துட்டு வந்தா லிங்க் பண்றப்போ ஃபைல் ஃபார்மட் தப்புன்னு சொல்லும், இல்ல எல்லாம் அப்டேட்டா இருக்குன்னு சொல்லிட்டு மேக் சும்மா உக்காந்துக்கும். இன்னொன்னு, பை 4ல கடிகார பேட்டரி கிடையாது. கரண்டும் போய் நெட்டும் இல்லாம ஆன் ஆச்சுன்னா டைம் பின்னாடி போயிடும், அப்ப மேக் க்ளாக் ஸ்க்யூன்னு ஒரு வார்னிங் குடுக்கும், நீங்க திருத்தின ஃபைலை கம்பைலே பண்ணாம விட்டாலும் விடும். நான் ஒரே எர்ரரை மூணு தடவை திருத்தினேன், கடைசில பார்த்தா மெஷின்ல நேத்து தேதி. டேட் அடிச்சு பார்த்துட்டு ஆரம்பிங்க.

அடுத்து, எத்தனை எர்ரர்னு எண்ணாதீங்க. முதல் எர்ரரை மட்டும் பாருங்க. ஹெட்டர்ல ஒரு வரி புரியலைன்னா அந்த ஹெட்டரை இழுக்குற நாப்பது ஃபைல்லயும் அதே புலம்பல் வரும். அவுட்புட்டை ஹெட் கமாண்டுக்கு திருப்பி முதல் 30 வரி மட்டும் வர்ற மாதிரி வச்சுக்கோங்க. ஜே4 போட்டு வேகமா ஓட்டாதீங்க, நாலு ஃபைலோட எர்ரரும் கலந்து வந்து எது முதல்னே தெரியாது.

எனக்கு வந்த முதல் எர்ரர் கான்ஃப்ளிக்டிங் டைப்ஸ். அந்த காலத்துல சிஸ்டம் ஹெட்டரை நம்ப முடியாதுன்னு, காம் டாட் சி ஃபைல் தலைல ஒவ்வொரு ஓஎஸ்க்கும் தனித்தனியா ஒரு பகுதி வச்சு அக்செப்ட், பைண்ட், க்ளோஸ் எல்லாத்துக்கும் கையாலயே டிக்ளரேஷன் (ஃபங்ஷன் என்ன வாங்கும், என்ன திருப்பி குடுக்கும்னு சொல்ற வரி) எழுதி வச்சிருப்பாங்க. இப்ப சிஸ்டம் ஹெட்டர்ல இருக்குறதும் இதுவும் ஒத்துப்போகலைன்னா சண்டைதான். கையால எழுதினதை தூக்கிடுங்க, பதிலுக்கு யுனிஸ்டிடி, சிஸ் சாக்கெட், ஆர்ப்பா இனெட் ஹெட்டரை சேருங்க. ஆனா தூக்குறப்போ வரி வரியா பார்த்து தூக்குங்க, நான் மொத்தமா தூக்கினேன், அதுல நான் பட்ட பாட்டை கீழ சொல்றேன்.

டெபியன் 13ல இருக்குற கம்பைலர் ஜிசிசி 14. 2024ல வந்த இந்த வெர்ஷன்லேர்ந்து, டிக்ளேர் பண்ணாத ஃபங்ஷனை கூப்பிட்டா அது வார்னிங் இல்ல, எர்ரர். பழைய கோட்ல இது எக்கச்சக்கமா இருக்கும். நெட்ல தேடினா எல்லாரும் சொல்ற வைத்தியம் எஸ்டிடி ஈக்வல் க்னு89 ஃப்ளாக் போடுங்கறதுதான். போட்டா எர்ரர் எல்லாம் வார்னிங்கா இறங்கிடும் (அந்த வார்னிங் கண்ணுக்கு தெரிய மேக்ஃபைல்ல டபிள்யூஆல் ஃப்ளாக்கும் இருக்கணும்), கேம் பில்ட் ஆகிடும், எனக்கும் ஆச்சு. போர்ட் 4000ல கனெக்ட் பண்ணி உள்ள போனோம், டீயும் வர்க்கியும் வாங்கி கொண்டாடினோம்.

மூணாவது நாள் ஒருத்தன் பாஸ்வேர்டு மாத்தினான், சர்வர் படுத்துருச்சு. அடுத்தவன் மாத்தினான், மறுபடி படுத்துருச்சு. லாகின் மட்டும் நல்லா போகுது.

டீபக் இன்ஃபோவோட கம்பைல் பண்ணி ஜிடிபிங்கற டீபக்கர்ல ஓட்டி பார்த்தப்ப, பாஸ்வேர்டை மறைச்சு மாத்துற கிரிப்ட் ஃபங்ஷன் திருப்பி குடுத்த அட்ரஸ்ல பாதிதான் இருக்கு. என்ன நடந்ததுன்னா, டிக்ளரேஷன் இல்லாத ஃபங்ஷன் எதுவா இருந்தாலும் இன்ட் குடுக்கும்னு பழைய சி எடுத்துக்கும். இன்ட் 4 பைட். 32 பிட் மெஷின்ல பாயின்ட்டரும் (மெமரி அட்ரஸ்) 4 பைட், அதனால இத்தனை வருஷம் தப்பு தெரியவே இல்ல. 64 பிட்ல பாயின்ட்டர் 8 பைட், மேல் பாதி வெட்டுப்பட்டு போச்சு, அந்த அட்ரஸ்ல போய் படிச்சா செக்மென்டேஷன் ஃபால்ட். நான் மொத்தமா தூக்கின வரிகள்ல, எல்லா ஃபைலும் இழுக்குற மெர்க் டாட் ஹெச்ல இருந்த கிரிப்ட்டோட டிக்ளரேஷனும் ஒண்ணு. லாகின் இருக்குற காம் டாட் சில யுனிஸ்டிடி சேர்த்ததால அங்க தப்பிச்சுது, பாஸ்வேர்டு மாத்துற கமாண்டு ஆக்ட் இன்ஃபோ டாட் சில இருக்கு, அங்க சேர்க்கல. அந்த ஃபைல்ல கிரிப்ட் டாட் ஹெச்னு ஒரே ஒரு வரி சேர்த்தேன், முடிஞ்சுது.

அதனால அந்த ஃப்ளாக்கை போடாதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா போட்டா இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்னு வர்ற ஒவ்வொரு வார்னிங்கையும் க்ரெப் பண்ணி எடுத்து சரியான ஹெட்டரை சேர்த்துட்டுதான் தூங்கணும், முக்கியமா பாயின்ட்டர் திருப்பி குடுக்குற ஃபங்ஷன். க்னு89க்கு பதிலா வெறும் சி89னு போட்டுடாதீங்க. அப்படி போட்டா லினக்ஸ், யுனிக்ஸ்ங்கற பழைய மேக்ரோ ரெண்டும் காணாம போயிடும், அதை வச்சு எழுதின ஈஃப்டெஃப் எல்லாம் பொய்யாகிடும், வர்ற எர்ரர் எதுக்குமே அர்த்தம் இருக்காது.

கம்பைல் தாண்டினா லிங்க் வரும். மல்டிபிள் டெஃபினிஷன்னு வந்தா, ஹெட்டர்ல எக்ஸ்டெர்ன் இல்லாம ஒரு க்ளோபல் வேரியபிள் இருக்குன்னு அர்த்தம். 2020ல வந்த ஜிசிசி 10க்கு முன்னாடி இதை கண்டுக்காம ஒண்ணா சேர்த்து விட்டுடும், இப்ப விடாது. ஹெட்டர்ல எக்ஸ்டெர்ன் போட்டு, ஏதாவது ஒரு சி ஃபைல்ல மட்டும் நிஜ டெஃபினிஷனை வைங்க. அவசரம்னா எஃப்காமன் ஃப்ளாக் போதும், இது அவ்வளவு ஆபத்தில்ல.

கிரிப்ட் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்னு வந்தா மேக்ஃபைல்ல எல்கிரிப்ட் சேர்க்கணும், அதையும் ஓ ஃபைல் லிஸ்டுக்கு பின்னாடி போடணும், முன்னாடி போட்டுட்டு ஏன் வரலைன்னு ஒரு மணி நேரம் முழிச்சவன் சொல்றேன். இந்த எர்ரருக்கு பயந்து நோகிரிப்ட் மேக்ரோவை ஆன் பண்றவங்க இருக்காங்க, தயவு செஞ்சு வேண்டாம், புது பாஸ்வேர்டு எல்லாம் ஃபைல்ல அப்படியே பச்சையா உக்காந்திருக்கும், பழைய ஆளுங்களால உள்ளயே வர முடியாது.

சிஸ் எர்லிஸ்ட்னு ஏதாவது வந்தா அது லினக்ஸோட சி லைப்ரரியான ஜிலிப்சி 2.32ல எடுத்தாச்சு, ஸ்ட்ரெர்ரர்னு மாத்துங்க. நீங்களே ஸ்ட்ரெல்காப்பி எழுதி வச்சிருந்தா ஜிலிப்சி 2.38லேர்ந்து அது உள்ளயே வருது, மோதினா உங்களோடதை தூக்கிடுங்க. ஃபெடோரா 42 மாதிரி ஜிசிசி 15 இருக்குற சிஸ்டம்னா பூல்ங்கறது இப்ப மொழியோட சொந்த வார்த்தை, மெர்க் குடும்பத்துல அதை அன்சைன்ட் கேர்னு டைப்டெஃப் பண்ணிருப்பாங்க, அங்க நிக்கும். க்னு17 ஃப்ளாக் போட்டா ஓடும்.

விண்டோஸ்லேர்ந்து கொண்டு வர்றீங்கன்னா டாஸ்2யுனிக்ஸ் ஒரு தடவை ஓட்டுங்க, ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்தையும் பாருங்க. பிஎஸ்டிலேர்ந்து வந்தா மேக்ஃபைல்ல டாட் ஈஃப் இருக்கும், நம்ம மேக் மிஸ்ஸிங் செபரேட்டர்னு கத்தும், அந்த ரெண்டு மூணு வரியை க்னு மேக் பாஷைல மாத்தி எழுதிக்கோங்க.

பை மாதிரி ஆர்ம் மெஷின்னா ஒண்ணு கம்பைலர் எர்ரராவே வராது. இன்டெல் மெஷின்ல கேர்ங்கற 1 பைட் டைப்ல மைனஸ் நம்பர் நிக்கும், ஆர்ம் லினக்ஸ்ல நிக்காது. ஃபைல் முடிஞ்சுதான்னு பார்க்குற இஓஎஃப் மைனஸ் 1, அதை கேர்ல வாங்கினா 255 ஆயிடும், ஃபைல் முடிஞ்சதே தெரியாம ஏரியா ஃபைலை தாண்டி படிச்சிட்டே போகும். கெட்சி வாங்குற வேரியபிளை எல்லாம் இன்ட்டா மாத்தணும், மாத்தி முடிக்கிற வரைக்கும் எஃப்சைன்ட் கேர் ஃப்ளாக்.

ஓட ஆரம்பிச்சதும் புது கேரக்டர் ஒண்ணு உருவாக்கி, பாஸ்வேர்டு மாத்தி, சேவ் பண்ணி, வெளிய போய் திரும்ப வந்து பாருங்க. ராம் கோட்ல ப்ளேயர் ஃபைல் வெறும் டெக்ஸ்ட், காப்பி பண்ணா போதும். சர்க்கிள்மட்ங்கற வேற மட் கோட் வச்சிருக்கவங்களுக்கு அது பைனரி, லாங் 4 பைட்லேர்ந்து 8 ஆகிடுறதால புது மெஷின்ல குப்பையா தெரியும், அதனால பழைய மெஷின் உயிரோட இருக்குறப்பவே அதுலயே ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி டெக்ஸ்ட்டா எடுத்து வச்சுக்கோங்க, எஸ்எம்பிஎஸ் புகையிற வரைக்கும் விட்டுடாதீங்க.