ஏ.சி. ஃபேன் வேகத்தை எதில் வைத்தால் கரண்ட் மிச்சமாகும்?

பில் ஏறுகிறதே என்று ஏ.சி. ஃபேனை எப்போதும் லோவிலேயே வைத்திருப்பவர்கள் நிறைய பேர். எங்கள் வீட்டில் அம்மாவும் பல வருடம் அப்படித்தான் வைத்திருந்தார். அதில் மிச்சமாவது சில்லறைதான். ஒன்றரை டன் ஏ.சி.யில் கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும், உள்ளே சுற்றுகிற ஃபேனுக்கு 50 வாட் பக்கம் போதும். அதனால் கம்ப்ரஸரைச் சீக்கிரம் ஓய வைக்கத்தான் வழி பார்க்க வேண்டும்.

முதலில் ரிமோட்டை எடுங்கள். மோடு, ஃபேன் என்று இரண்டு பட்டன்கள் இருக்கும், புதிதாக வாங்கியவர்கள் குழம்புவது இங்கேதான். மோடு பட்டனை அழுத்த அழுத்தத் திரையில் பனிப்பூ, நீர்த்துளி, விசிறி என்று படம் மாறும். பனிப்பூ வந்ததும் நிறுத்துங்கள், அதுதான் கூல். விசிறிப் படத்தில் விட்டுவிட்டால் கம்ப்ரஸரே ஓடாது, வெறும் காற்றுதான் வரும்.

அடுத்து 24 டிகிரி வையுங்கள். அறை சீக்கிரம் குளிரட்டும் என்று 16-க்குப் போக வேண்டாம், இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏ.சி.யில் 16 வைத்தாலும் 24 வைத்தாலும் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும், 16-ல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு.

இப்போது ஃபேன் பட்டன். அறைக்குள் நுழைந்ததும் முதல் 15, 20 நிமிடம் ஹையில் விடுங்கள். காற்று வேகமாகப் போனால்தான் உள்ளே இருக்கும் குளிர்ச் சுருள் அறையின் சூட்டை நிறைய வாங்கிக்கொள்ளும், வைத்த டிகிரியும் சீக்கிரம் வந்துவிடும். அப்புறம் ஆட்டோவுக்கு மாற்றிவிட்டு மறந்துவிடலாம், அறை குளிரக் குளிர அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கூடவே சீலிங் ஃபேனையும் ரெகுலேட்டர் இரண்டில் சுற்ற விடுங்கள். இதைப் பலரும் தவறு என்று நினைக்கிறார்கள், ஆனால் உடம்பில் காற்று பட்டால் 26 டிகிரியே 24 மாதிரி இருக்கும், எங்கள் வீட்டில் இப்போது இரவு முழுக்க 26-தான், யாரும் புழுங்குகிறது என்று எழுந்திருப்பதில்லை. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் விலை விகிதமே மாறிவிடுகிற நம் தமிழ்நாட்டில் இந்த இரண்டு டிகிரி பெரிய விஷயம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சென்னையில் ஐப்பசி மாதம் மழை விட்ட இரவில் சூடு அவ்வளவு இருக்காது, ஆனால் தலையணை உறைகூடப் பிசுபிசுக்கும். அன்றைக்கு ஃபேனை லோவில் வையுங்கள், இல்லையென்றால் நீர்த்துளிப் படம் போட்ட ட்ரை மோடுக்குப் போங்கள். காற்று மெதுவாகப் போகும்போது சுருள் நன்றாகக் குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும்.

சரி, இத்தனையும் செய்தும் காற்று மந்தமாக வந்தால் முன்மூடியைத் திறந்து ஃபில்டரைப் பாருங்கள். போர்வை மாதிரி சாம்பல் நிறத் தூசி படிந்திருக்கும். குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.